அளவுச் சட்டை

அப்பா: அசையாம நில்லுடா. குண்டூசி குத்தினா என்னைச் சொல்லாதே.

மகன்: மணி எட்டரை ஆச்சுப்பா.

அப்பா: இன்டர்வியூ பத்து மணிக்குன்னுதானே சொன்னே?

மகன்: ஆமா... ஆனா பஸ்...

மகள்: பஸ் வரும்ணா. ரெண்டு நிமிஷம் ஒரே இடத்துல நின்னுதான் பாரேன்.

அப்பா: கையைத் தூக்கு.

மகன்: எதுக்கு?

அப்பா: தூக்குன்னா தூக்கு. இன்னும் மேலே... ம். அக்குள்ல இழுக்குது.

மகன்: இழுத்தா இழுக்கட்டும்ப்பா! நாற்காலியில உட்கார்ந்து பேசப் போறவன் எதுக்குக் கையைத் தூக்கப் போறேன்?

அப்பா: கழட்டு. அரை இஞ்ச் விட்டு ஒரு ஓட்டு ஓட்டிட்டு வர்றேன்.

மகன்: ...போயிட்டாரா?

மகள்: முன்ரூமுக்குப் போயிட்டார். சொல்லிடுண்ணா.

மகன்: இன்னிக்கா?

மகள்: பின்ன எப்போ? எஞ்சினியரிங் காலேஜ்ல டி.சி. வாங்கிட்டு டீச்சர் காலேஜ்ல போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. அவரு இன்னும் பட்டன் வைக்க வர்றவங்ககிட்டகூட ‘என் பையன் எஞ்சினியர்’னு...

மகன்: மெதுவா பேசு கழுதை!

மகள்: மெஷின் ஓடுது. கேக்காது.

மகன்: இன்னிக்கு நான் பாடம் எடுக்கறதைப் பார்த்து மார்க் போட வெளியிலேர்ந்து ஆள் வர்றாங்க. எட்டாம் வகுப்பு. நாற்பது பிள்ளைங்க.

மகள்: அதுக்கென்ன?

மகன்: காலேஜ் அட்டெண்டன்ஸ்ல எல்லார் பேரும் அச்சுல இருக்கு. என் பேரு மட்டும் கடைசியில, பேனாவால. நடுவுல வந்து ஒட்டிக்கிட்டவன்... இதுல விழுந்தேன்னா அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

மகள்: கணக்குல ரெண்டு தடவை கோட்டை விட்டவ நான். வெட்டுத் துணியை அடுக்கி வெச்சுப் பின்னம் சொல்லிக் கொடுத்தது யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?

மகன்: ...மெஷின் நின்னுடுச்சு.

மகள்: நூல் அறுந்திருக்கும்.

மகன்: ரொம்ப நேரமா நிக்குது.

மகள்: ஊசியில கோக்கறாரு, கண்ணு தெரிய வேண்டாமா? நீ பேச்சை மாத்தாதே. சொல்லிட்டுப் போ.

மகன்: பாஸ் ஆயிட்டுச் சொல்றேன்.

மகள்: ஆகலைன்னா?

மகன்: அப்பவும் சொல்றேன். இப்போ சொல்லி அவர் முகம் மாறறதைப் பார்த்துட்டு, அதே முகத்தோட போய் என்னால பாடம் எடுக்க முடியாதுடி.

அப்பா: இந்தா, போட்டுக்கோ.

மகன்: அப்பா... வந்து...

அப்பா: முதல்ல பட்டனைப் போடு. பேன்ட்டுக்குள்ள விடு.

மகன்: இல்லப்பா, இந்த இன்டர்வியூ...

அப்பா: வலது கையைத் தூக்கு. காலண்டர் மாட்டியிருக்கில்ல, அந்த ஆணியைத் தொடு.

மகன்: அதான் அப்பவே தூக்கினேனே!

அப்பா: தொடுடா. ஏம்மா, பின்னாடி சட்டை வெளியே வருதா பாரு.

மகள்: வரலைப்பா.

அப்பா: வராது. கீழே மூணு இஞ்ச் கூட வெச்சிருக்கேன்.

மகன்: எதுக்குப்பா இவ்வளவு...

அப்பா: அளவுச் சட்டைன்னு உன் பழசைக் கொடுத்தியே, அதை உதறினேன். வலது கை முட்டி வரைக்கும் வெள்ளைப் பொடி. முப்பது வருஷமா சாக்பீஸும் கையுமா இருக்கறவன்டா நான். துணியில கோடு போடற என் சாக்பீஸ் சோப்பு மாதிரி வழுக்கும். இப்படிப் பறக்காது.

மகள்: அப்பா, நான் ஒண்ணும் சொல்லலை...

அப்பா: உன்னை நான் ஒண்ணும் கேக்கலையே.

மகன்: அப்பா... கோபமா?

அப்பா: இருக்கு. அதைச் சாயங்காலம் வெச்சுக்கறேன். இப்போ திரும்பு, முதுகுல ஒரு நூல் தொங்குது. நீ போர்டுல எழுதறப்போ நாற்பது பிள்ளைங்களும் அதைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கும்.