பீரில் ஆக்சலேட் குறைவு என்று ஒட்டிய காகிதம்

அவையை அதட்டாமலே அடக்கி வைத்திருக்கும் தலைவர் அவர்களே, உழைத்துக் காய்த்த கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே, எங்கள் அட்டகாசத்தையெல்லாம் பொறுத்த தாய்மார்களே, பீர் ஆலைத் தோழர்களே, வணக்கம்!

சங்க ஆண்டுவிழாவில் ஆய்வுக்கூடத்துக்காரனுக்கு ஐந்து நிமிடம். போதும். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய கொதிகலன் அறை நினைவிருக்கிறதா? அந்த அனல் நினைவிருக்கிறதா? லேபிள் கோணலான புட்டிகள் விற்பனைக்குப் போகாமல் நம் பெஞ்சுக்கு வருமே, அந்தச் சிரிப்பு நினைவிருக்கிறதா? நான்கு பேர் பெஞ்சில் எட்டுப் பேர் இடித்துக்கொண்டு சாப்பிட்டோமே, அந்த நெருக்கத்துக்கு இன்றைய நாற்காலிகள் ஈடாகுமா?

அந்தப் பெஞ்சுக்கு ராஜா, கொதிகலன் அண்ணன். ஒருநாள் தொட்டி கழுவும் மாமா, பீர்த்தொட்டிச் சுவரில் படிந்த கல்லைச் சுரண்டிக்கொண்டு வந்தார்.

"டேய் படிச்சவனே, இது என்னடா?"

"ஆக்சலேட் உப்பு மாமா. சிறுநீரகக் கல்லும் பெரும்பாலும் இதுதான்."

ஏற்கெனவே ஒரு கல்லைச் சுமந்த அண்ணன் அலறினார்: "அப்ப இத்தனை நாளா கல்லையாடா குடிச்சேன்?"

அளந்தேன். கல் தொட்டியிலேயே தங்கிவிட்டது; பீரில் கொஞ்சம்தான். 'நம் பீரில் ஆக்சலேட் குறைவு' என்று எழுதிப் பலகையில் ஒட்டினேன். எண் சரி. எழுத்து சரி. நான் சரியா?

"லேபே சொல்லிடுச்சு! இது கல்லையே அடிச்சுட்டுப் போயிரும்!" என்று அண்ணன் தண்ணீரை விட்டார், பீரைப் பிடித்தார். வியர்வை ஒருபுறம், பீர் ஒருபுறம், உடம்பின் நீரை வடித்தன. மூன்றாம் மாதம் கொதிகலன் அருகே சுருண்டு விழுந்தார். கல் அடைத்து இடது சிறுநீரகம் போயிற்று.

மருத்துவமனையில் அண்ணி கேட்டார்: "குறைவுன்னு எழுதினியே தம்பி, தண்ணி குடிங்கன்னு இன்னொரு வரி எழுத கை வலிச்சுதா?"

என்ன அண்ணே, முன்வரிசையிலிருந்து கை ஆட்டுகிறீர்கள்? 'இன்னொரு கிட்னி நல்லாத்தான்டா ஓடுது' என்கிறீர்களா? ஓட வேண்டும் அண்ணே! அதற்காகத்தான் மேடை ஏறினேன்!

வேலை நேரத்தில் கொதிகலனை விட்டு அவர் நகரக் கூடாது, அது ஆலை விதி. கைக்கெட்டும் தூரத்தில் பீர். தண்ணீர்க் குழாயோ முற்றத்துக்கு அப்பால். ஆக்சலேட்டை அளந்த நான் அந்தத் தூரத்தை அளந்தேனா? நேற்றுத்தான் அளந்தேன். இருநூற்றுப் பத்து அடி! இன்றும் அதே இருநூற்றுப் பத்து அடி!

தலைவர் அவர்களே, மாலை வேண்டாம், கேடயம் வேண்டாம். திங்கட்கிழமை வேலை தொடங்கும்முன் கொதிகலன் அறைக்குள் ஒரு குழாய் வேண்டும். இல்லையென்றால் வாளியோடு நானே நிற்பேன்.

கேட்டவர்களுக்கு நன்றி. கைதட்டியவர்கள் குழாய் வரும்வரை என்னோடு நில்லுங்கள். வணக்கம்!