பின்னால் ஓர் அடி

டீ நன்றாக இருக்கிறது சார். ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல டீ கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் பெயர் இருதயராஜ். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறேன். அது போக, கம்பெனி ஆட்களைச் சேர்த்து நாட்டுப்புறப் பாட்டுக் குழுவும் வைத்திருக்கிறேன். தேவகி எப்படி விழுந்தாள் என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் நாங்கள் எப்படிப் பாடுவோம் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே மைக்தான். வசதி இல்லாமல் இல்லை, நான் வைத்த வழக்கம் அது. ஆளுக்கொரு மைக் கொடுத்தால் அவரவர் குரலை அவரவரே ரசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மைக்கைச் சுற்றிப் பிறை மாதிரி நிற்போம். மெலிந்த குரல் கிட்டே, கனத்த குரல் எட்டி. நான் மைக்கை ஒட்டி, அவர்களைப் பார்த்தபடி நின்று பாடுவேன். பாடும்போது எல்லார் கண்ணும் என் இடது கையில் இருக்க வேண்டும். யாரைப் பார்த்து இரண்டு விரலை மடக்குகிறேனோ அவர் அப்படியே பின்னால் ஓர் அடி போக வேண்டும். திரும்பக் கூடாது, குனியக் கூடாது. கழுத்து அசைந்தால் குரல் மாறிவிடும். நன்றாக அமைந்துவிட்டால் எது யார் குரல் என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

தேவகி ஸ்டிச்சிங்கில் இருந்தாள். ஊர் பள்ளிகொண்டாப் பக்கம். நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் குரல்தான் எதிலும் சேரவில்லை. சோற்றில் கல் மாதிரி தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மேடையிலும் அவளைப் பின்னால் அனுப்பினேன்.

"இன்னாண்ணா, இன்னும் ஜாஸ்தியா கேக்குதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள்.

"கொஞ்சம் கம்மி பண்ணும்மா."

பண்ணுவாள். அப்போதும் கேட்கும்.

போன மாசம் திமிரித் திருவிழாவில் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, "பின்னால நிக்குதே அந்தப் பொண்ணு, அது தனியா ஒண்ணு பாடட்டும்" என்றார். பாடினாள். நாங்கள் எல்லோரும் சும்மா நின்றோம். கைதட்டல் அடங்க நேரமானது. வேனில் வரும்போது, பறை வாசிக்கும் வசந்த் என்னிடம், "இனிமே தேவகியக்காவ முன்னால நிக்க வைங்கண்ணா" என்றான். எனக்கு வயிறு எரிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியெல்லாம் இல்லை. குழு என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான்.

குழுவிலிருந்து நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நன்றாகப் பாடுகிறாள் என்று காரணம் சொல்லி ஒருத்தியை எப்படி சார் நிறுத்துவது?

கம்பெனி ஆண்டு விழாவுக்குப் பழைய தோல் டேனரி வளாகத்தில் மேடை போட்டிருந்தார்கள். மதியமே மைக் பார்க்கப் போனேன். மேடையின் பின்பக்கம் கறுப்புத் துணி தொங்கியது. துணிக்குக் கொஞ்சம் முன்பே பலகை முடிந்துவிட்டது. கீழே, அந்தக் காலத்தில் தோல் ஊறவைத்த சுண்ணாம்புக் குழி. காய்ந்த சிமென்ட் தரை, ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். பந்தல் போட்ட சத்தார் பாய் கையில் மூங்கிலோடு நின்றார்.

"பின்னால ஒரு தடுப்பு கட்டிட்றேன் சார். பார்க்கவே பேஜாரா கீது."

"அங்க யாரும் போக மாட்டாங்க பாய். நீங்க முன்னால லைட்டப் பாருங்க."

அவரைப் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். விட்டுவிடுங்கள், அவர் மேல் தப்பில்லை.

சாயங்காலம் நடவுப் பாட்டு. முதல் சரணத்திலேயே அவள் குரல் மேலே ஏறி நின்றது. விரலை மடக்கினேன். ஓர் அடி போனாள். இன்னும் கேட்டது. அவளுக்குப் பின்னால் பலகை இல்லை என்று எனக்குத் தெரியும். மறுபடி மடக்கினேன். அவள் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. என் கையைப் பார்த்தபடியே பாடிக்கொண்டு காலைப் பின்னால் வைத்தாள். துணி ஒரு தடவை அசைந்தது.

பறைச் சத்தத்தில் விழுந்தது கேட்கவில்லை. பாட்டு நிற்கவில்லை. எல்லார் கண்ணும் என் கையில் இருந்தது, கை நிற்கவில்லை. தேவகிக்குப் பக்கத்தில் நின்ற அம்பிகாவின் குரல் மட்டும் தடுமாறியது. முறைத்தேன், சேர்ந்துகொண்டாள். மிச்சச் சரணங்களையும் பாடி முடித்தோம். அதன் பிறகுதான் அம்பிகா கத்தினாள். வேலூருக்குக் கொண்டு போனார்கள், பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. அவள் கணவர் சின்னசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அதே இடது கையை. எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. இதுவரை வரவில்லை.

ஆகவே விபத்து என்று எழுத வேண்டாம். நான்தான் செய்தேன். அந்த மிச்சச் சரணங்களை ஒரு தடவையாவது ஒரே குரலாகக் கேட்க வேண்டும் என்றுதான் செய்தேன்.

நீங்கள் நேற்று போட்டுக் காட்டிய வீடியோவில் அவள் விழுந்த பிறகு வரும் சரணங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அதிலும் ஒரு குரல் சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கிறது. அது என் குரல்தான் என்று வசந்த் உங்களிடம் சொல்லியிருக்கிறான். எப்போதுமே அது நான்தானாம், வாய் திறந்து சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லையாம். அவனுக்குக் காது போதாது சார். இத்தனை நாள் கூடவே வாசித்தும் அடையாளம் தெரியவில்லை பாருங்கள், அது தேவகியின் குரல்.