பொறியில் மாட்டிய எலி

ஆரணியில் ஏறிய வேலூர் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தேன். கண்ணமங்கலம் தாண்டியதும் முன்சீட்டு அம்மா தன் மகளிடம் சொன்னதில் தூக்கம் கலைந்தது.

"நேத்து பொறில எலி மாட்டிச்சுடி. கொல்லல. ஏரிக்கரைல விட்டுட்டேன்."

"பட்டு நூலைக் கடிக்குதுன்னு நீதானேம்மா பொறி வெச்ச?"

"ஆமா, தறில ஒரு முழம் பாவு நூலு போச்சு. ஒரே பேஜாரு. ஆனா எலிய வெச்சுதானே நீ காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணிகினு கீற?"

"அது வெள்ளெலிம்மா, லேப்ல வளர்க்கிறது. அதோட மூளைல சேதி கடத்துற ஒரு புரோட்டீன் கீது. அது கொறஞ்சா ஞாபகம் போவுதான்னு பாக்குறோம்."

"எல்லாம் ஒரே ஜாதிதான். உங்கப்பாவுக்கு என் பேரு மறந்து ஒரு வருசம் ஆவுது."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மருந்து வர ரொம்ப நாளாவும்மா. அப்பாவுக்குக் கிடைக்காது."

"தெரியும்டி. என்னிக்காவது எவளோ ஒருத்தி பேரு அவ வூட்டுக்காரருக்கு மறக்காம இருக்கும் இல்ல? அதுக்குத்தான் அந்த எலிக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லி வுட்டேன்."