விஜயகுமாரிக்கு நான் எழுதிக்கொடுத்த ஒன்பது ஷரத்துகள்

என் கையெழுத்து அழகாக இருக்கும். எல்லா வினையும் அதிலிருந்துதான் தொடங்கியது என்கிறாள் என் மருமகள் கார்த்திகா. அது கொஞ்சம் மிகை. தமிழிலேயே எழுதித் தாருங்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதால், சார், நிதானமாக எழுதுகிறேன். அவசரப்பட்டால் என் ‘ழ’ கோணிவிடும்.

பெயர் பக்தவத்சலம். வயது எழுபத்து நான்கு. போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். வருகிற கடிதத்துக்கு முத்திரை குத்தி எண் போடுவது என் வேலை. நான் முத்திரை குத்தும்வரை எந்தக் கடிதமும் வந்ததாகாது. ஒருமுறை ஒரு கடிதம் என் மேஜையில் பதினோரு நாள் வராமலே கிடந்தது. அதற்குள் அதை எழுதிய அதிகாரி ஓய்வு பெற்று, மெயின்லேண்டிலிருந்து இங்கே சுற்றுலா வந்து, என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். கடிதம் அதற்கு மறுநாள்தான் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

ஊருக்குள் மின்னி பே என்ற பகுதியில் எங்கள் வீடு கீழ்த்தளம். மகன் கப்பலில் இன்ஜின் பார்ப்பவன். மாதத்தில் பாதி நாள் கடலில். கார்த்திகா வங்கிக்குப் போகிறவள். பேரன் அஸ்வினுக்கு இரண்டு வயது. மாடியில் ஜெயமணி, பள்ளி ஆசிரியை. அவளுக்கு ஒன்றரை வயதில் சங்கவி. இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக ஆயா வைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். ஒருத்தி தன் செருப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் இல்லாத நாட்களில் இரண்டு குழந்தைகளும் யார் மடியில் இருந்தார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

பிறகு விஜயகுமாரி வந்தாள். அவள் தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். புருஷன் இல்லை. ஆறு வயது மகள் தர்ஷினியைக் கச்சாலில் அண்ணன் காத்தமுத்துவிடம் விட்டுவிட்டு, துறைமுகத்துக்கு அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் ஓர் உறவுக்காரி வீட்டில் தங்கியிருந்தாள். கச்சாலில் டவர் எப்போதாவதுதான் கிடைக்கும்; அண்ணன் கூப்பிட்டால்தான் பேச்சு. தினமும் ஃபெர்ரியில் சாத்தம் ஜெட்டிக்கு வந்து, அங்கிருந்து பஸ். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஆயா என்பது என் யோசனை. சம்பளத்தையும் வேலையையும் எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்பதும் என் யோசனைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் பேச்சுவார்த்தை நடந்தது.

“அங்கிள், சம்பளம் ஆதா-ஆதா, சரிபாதின்னா எப்படி? உங்க அஸ்வின் நாள் பூரா கத்துறான். எங்க பாப்பா இருக்கிற இடமே தெரியாது” என்றாள் ஜெயமணி.

“அக்கா, உங்க பாப்பா போன வாரம் எங்க டிவி ரிமோட்ட முழுங்கப் பாத்தா” என்றாள் கார்த்திகா.

“முழுங்கலையே.”

நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டு, இரண்டு குழந்தைகளின் அழுகையையும் நாள்வாரியாகக் குறித்தேன். அஸ்வின் நாற்பத்தொன்று, சங்கவி முப்பத்தெட்டு. சங்கவியின் கணக்கில் இரண்டு கொட்டாவி சேர்ந்துவிட்டதாக ஜெயமணி வாதாடினாள். தள்ளிவிட்டேன். ஆளுக்கு எட்டாயிரம் என்று முடிந்தது. ஃபெர்ரி, பஸ் செலவு தனி. எங்கள் வீட்டில் என்ன சமையலோ அதே சாப்பாடு, அதே தட்டு. பெரியவர்கள் துணியைத் துவைக்கச் சொல்லக்கூடாது, தரை துடைக்கச் சொல்லக்கூடாது. நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் கூடுதல் கூலி. குழந்தைகள் கையில் இருக்கும்போது கவனம் சிதறக்கூடாது என்பதால், வேலை நேரத்தில் அவள் போன் என் மேஜையில் இருக்கும்; மணி அடித்தால் நான் எடுப்பேன். விடுப்பு வேண்டுமானால் மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். எட்டு ஷரத்துகளையும் வாசித்துக் காட்டினேன்.

“மத்ததெல்லாம் டீக் ஹை ஐயா” என்றாள் விஜயகுமாரி. “இன்னும் ஒன்னே ஒன்னு போடுங்க. தர்ஷினிக்கு ஏதும்னு தகவல் வந்தா, அந்த மூணு நாள் பேச்செல்லாம் இல்ல. அடுத்த கப்பல்ல என்னய விட்ரணும்.”

“அதெப்படி, திடீர்னு...” என்று இழுத்தாள் ஜெயமணி.

“எனக்கு இருக்கிறது அது ஒன்னுதான் அக்கா. இத எழுதலன்னா நான் கையெழுத்துப் போடல.”

நியாயமாகப் பட்டது. ‘மகள் குறித்துத் தகவல் கிடைத்தவுடன் அடுத்த கப்பலில் அனுப்பப்படுவார்’ என்று ஒன்பதாவதாக எழுதினேன். அவள் விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். ஜங்லிகாட் கடைத்தெருவில் ஜெராக்ஸ் எடுக்கப் போன இடத்தில் கடைக்காரர் தன் வீட்டு உபயோகத்துக்கு ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். மின்னி பேயில் நாலைந்து வீடுகளில் இன்றைக்கும் அதுதான் சட்டம்.

நாற்பது நாள் எந்தப் பிசிறும் இல்லை. நாற்பத்தோராவது நாள் செவ்வாய்க்கிழமை. காலை பத்தே முக்காலுக்கு என் மேஜையில் அவள் போன் அடித்தது. காத்தமுத்து.

“ஐயா, தங்கச்சிகிட்ட குடுங்களேன். பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுகிட்டே கெடக்கு. இன்னிக்கு கப்பல்ல ஏத்தி விட்ருங்க ஐயா.”

சொல்கிறேன் என்றேன்.

கச்சால் கப்பல் அன்று மாலை நாலு மணிக்கு; போய்ச் சேர வியாழன் காலை ஆகும். அதை விட்டால் அடுத்தது திங்கட்கிழமை. காலையில்தான் ரேடியோவில் அட்டவணை கேட்டிருந்தேன். கார்த்திகாவுக்கு அந்த வாரம் ஆடிட். ஜெயமணிக்குத் தேர்வுப் பணி. ஆயா இப்படி திடீரென்று போனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று ஜெயமணி முன்பே சொல்லியிருந்தாள். அவ்வளவு பாடுபட்டு எழுதிய ஒப்பந்தம் நாற்பத்தோரு நாளில் குலைந்துபோகும். விஜயகுமாரிக்கு அதன் பிறகு அந்தச் சம்பளத்தை யார் தருவார்கள்? அவள் பக்கத்திலிருந்தும் யோசித்தேன்.

பின்கட்டில் அவள் சங்கவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். “யாரு ஐயா போன்ல?” என்றாள்.

“லோன் வேணுமான்னு கேக்கிறான்” என்றேன். “உனக்கு வேணுமா?”

“குடுத்தா கப்பலயே வாங்கிருவேன் ஐயா” என்று சிரித்தாள்.

தகவல் என்பது உரியவர் கைக்குச் சேரும்போதுதான் கிடைத்ததாகும். இது நான் நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. முப்பத்தொரு வருடம் இதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். சனிக்கிழமை மாலை சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். திங்கட்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்க அது போதும். ஒன்பதாவது ஷரத்து ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேறும். பட்டியலிலிருந்து அந்த அழைப்பை நீக்கினேன். எனக்கு அதைக் கற்றுத்தந்தது அஸ்வின். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது எல்லாம் தெரிகிறது.

புதன்கிழமை வானம் துடைத்தாற்போல் இருந்தது. பதினோரு மணி வாக்கில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் தெற்கிலிருந்து வந்தது. விஜயகுமாரி அஸ்வினை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“அந்தா பாரு ராஜா, எங்க ஊருப் பக்கமிருந்து வருது. டாட்டா சொல்லு.”

அவன் சொன்னான். அவளும் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

வியாழன் காலை எட்டரை மணிக்கு, பாம்பூஃப்ளாட் ஃபெர்ரியில், போன் அவள் கையிலேயே இருந்தபோது காத்தமுத்துவின் அடுத்த அழைப்பு வந்தது. கச்சால் ஜெட்டியில் கப்பல் வந்து நின்று, எல்லோரும் இறங்கி, அவள் மட்டும் இறங்காததைப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கிறார். பிள்ளை விடியற்காலையில் போய்விட்டது. ஃபெர்ரியில் அவளைப் பிடித்து உட்காரவைக்க நாலு பேர் வேண்டியிருந்ததாகக் கேள்வி. அன்று மழை பிடித்துக்கொண்டது; எதுவும் பறக்கவில்லை. அடக்கம் வெள்ளிக்கிழமை. கப்பல் திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை அழைப்பு நாலு நிமிடம் இருபது வினாடி என்று போன் கம்பெனிக்காரர்கள் கொடுத்த தாளை விசாரணையில் காட்டினீர்கள். நான் மேலே எழுதியது ஒரு நிமிடத்துக்குத்தான் வரும் என்பது சரி. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

சொல்கிறேன் என்றதும் காத்தமுத்து போனை வைக்கவில்லை. “டாக்டர் இன்னொன்னு சொல்றாரு ஐயா. வீட்டாளுக சரின்னா நாளைக்கு ஹெலிகாப்டர்ல பிள்ளைய போர்ட் பிளேருக்கே அனுப்பிரலாம், அதுதான் நல்லதுன்னு. தங்கச்சி அங்க இருந்தா ஏத்தி விட்டுர்றேன். அவ கப்பல்ல கிளம்பிட்டா இங்க வச்சிருக்கேன். எதுன்னு அவளக் கேட்டுச் சொல்லுங்க.”

லைனில் இருக்கச் சொன்னேன். போனை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் யோசித்தேன். பிள்ளை இங்கே வந்தால், அவள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடப்பாள். ஒரு வாரமா, ஒரு மாதமா, யாரால் சொல்ல முடியும்? அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை எங்கே விடுவாள்? எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவாள். மூன்று குழந்தைக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை.

போனை எடுத்தேன். “கேட்டுட்டேன். அவ கப்பல்லயே வர்றாளாம். பிள்ளைய அலைக்கழிக்க வேணாம்னு சொன்னா. கடல்ல டவர் இருக்காது, வியாழக்கிழமை வரைக்கும் போன் போடாதீங்க” என்றேன்.

“அம்மா கப்பல் ஏறிருச்சுன்னு பிள்ளைகிட்ட சொல்லிரவா ஐயா?”

“தாராளமா சொல்லுங்க” என்றேன்.

இரண்டு ராத்திரி அந்தக் குழந்தை நிம்மதியாகத் தூங்கியிருக்கும். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

விஜயகுமாரி அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. முறையாக முன்னறிவிப்பும் தரவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் அவளுக்கு முழுச் சம்பளம் அனுப்ப வைத்தேன், வராத நாளுக்கு ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல். அப்படிச் செய்யவேண்டுமென்று ஒன்பது ஷரத்தில் எதிலும் இல்லை. அது ஒன்றுதான், சார், நானாகச் செய்தது.