தலைமையாசிரியை அறைத் தாழ்ப்பாள்

பெயரும் முகவரியும் நான் கொடுத்த அடையாள அட்டையில் உள்ளபடி. வயது முப்பத்தாறு. தொழில், தையல் இயந்திரம் பழுது பார்ப்பது. கடையில் என்னை ஊசியக்கா என்பார்கள். கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறார். ஒரே மகள், நான்காம் வகுப்பு. இன்று காலை பள்ளிச் சொத்தைத் திருடியதாக என் மீது வந்த புகார் பற்றி விசாரித்ததன் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

மகளின் பள்ளியில் மாணவிகள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் உள்ளே போனால் இன்னொரு பெண் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வகுப்பு ஆசிரியையே இதற்கு ஜோடி பிரித்து விட்டிருக்கிறார். ஒருநாள் மகள் உள்ளே இருக்கும்போது மணி அடித்துவிட்டது. ஜோடிப் பெண் கதவை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாள். கதவு தானாகத் திறந்துகொண்டது. எதிரே தண்ணீர்க் குழாயில் பையன்கள் நின்றிருக்கிறார்கள். அவர்கள் சிரித்ததாக மகள் சொன்னாள். அதன் பிறகு, நான் காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரத் தொடங்கியது.

அதன் பிறகு அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மருத்துவர் சிறுநீர்த் தொற்று என்றார். மருந்து கொடுத்துச் சரியாகி, மறுபடியும் வந்தது. "இப்படியே அடக்கிக்கிட்டிருந்தா கிட்னிக்குப் போயிடும்மா, ஸ்கூல்ல பேசுங்க" என்றார். நான் பேசப் போனேன்.

வகுப்பு ஆசிரியை, வாசலில் வைத்துப் பேசக் கூடாது, பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள் என்றார். கூட்டத்துக்காகக் கடைக்கு விடுப்புப் போட்டேன். அங்கே, இன்று மதிப்பெண் பற்றி மட்டும்தான் பேசலாம் என்று சொல்லி, மகள் கணக்கில் கவனம் செலுத்த வேண்டும் என்றார். வகுப்பு முடியும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கில் எங்கிருந்து கவனம் வரும் என்று கேட்டேன். எழுதுபவர் இது தேவையில்லை என்கிறார். எனக்குத் தேவை, எழுதவும்.

அதன் பிறகு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பள்ளி சார்பில் யாரோ ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். உடனே சாக்ஸ் வெள்ளையா சாம்பலா என்று சண்டை ஆரம்பித்து, என் செய்தி எங்கோ போய்விட்டது. ஒரு அம்மா தனியாகக் கூப்பிட்டு, "நீங்க கேளுங்கக்கா, நாங்கல்லாம் பின்னாடி நிக்கிறோம்" என்றார். மறுநாள் அலுவலகத்தில் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. அலுவலக எழுத்தர், பராமரிப்புக்குச் சொல்லியாச்சு என்றார். அதன் பிறகு எப்போது போனாலும் சொல்லியாச்சு என்பதே பதில். கணவர் போனில், "பள்ளிக்கூடத்தைப் பகைச்சுக்காத, அப்புறம் நம்ம பொண்ணைத்தான் கரிச்சுக் கொட்டுவாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் சில நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் மூன்றாம் முறையாகக் காய்ச்சல் வந்தது.

இன்று தலைமையாசிரியையைப் பார்க்க நேரம் கிடைத்தது. எழுத்தர் என்னை அவருடைய அறையில் உட்கார வைத்துவிட்டு, மேடம் மீட்டிங்கில் இருக்கிறார், வருவார் என்றார். வரவில்லை. அந்த அறைக்குள்ளேயே அவருக்கென்று தனிக் கழிவறை இருக்கிறது. கதவு பாதி திறந்திருந்தது. உட்புறம் பித்தளைத் தாழ்ப்பாள், துடைத்துப் பளபளவென்று இருந்தது. என்னை மீறி ஆத்திரம் வந்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படி என்ன பெரிய மீட்டிங் என்று எட்டிப் பார்த்தால், எதிர் அறையில் ஆண்டு விழாவுக்கு மேடைத் துணி என்ன நிறம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு, தொழிலுக்காக எப்போதும் பையில் வைத்திருக்கும் திருப்புளியை எடுத்து, தாழ்ப்பாளையும் நிலையில் அது மாட்டும் கொண்டியையும் கழற்றினேன். மாணவிகள் கழிவறைக்கு நடந்து போய் அங்கே மாட்டினேன். யாரும் தடுக்கவில்லை. கையில் திருப்புளி இருந்ததால் பராமரிப்பு ஆள் கடைசியில் வந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். மாட்டி முடித்தபோது இரண்டு சிறுமிகள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வெளியே நின்றவளிடம் இனிப் பிடிக்க வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினாள், ஆனால் கையை எடுக்கவில்லை.

அதன் பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓடிப்போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். தலைமையாசிரியை வேகமாக வந்தார், ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நேராகக் கழிவறைக்குள் போனார். கதவு மூடி நிற்கவில்லை. உள்ளேயிருந்து எழுத்தரைப் பெயர் சொல்லி அழைத்து, "யாரையும் விடாத, வந்து இந்தக் கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றார். எழுத்தர் வந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிக்கவில்லை.

அவர் வெளியே வந்ததும், எடுத்தது நான்தான், இன்ன இடத்தில் மாட்டியிருக்கிறேன் என்று நானே சொன்னேன். "எதுக்கும் ஒரு முறை இருக்கும்மா" என்றார். எல்லா முறையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அவர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். நீங்கள் வருவதற்கு முன்பே பராமரிப்பு ஆள் வந்து மேடத்தின் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பதை இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

நான் எடுத்த தாழ்ப்பாள் வழக்குச் சொத்து, அதைக் கழற்றி வர ஆள் அனுப்ப வேண்டும் என்று இப்போது சொல்கிறீர்கள். அனுப்பவும். கழற்றும் முன் வேறு ஒன்றை மாட்டச் சொல்லவும். அதற்கு வழியில்லை என்றால், போகிற காவலர் பள்ளி விடும்வரை அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். மணி அடித்தாலும் விட வேண்டாம் என்று சொல்லி அனுப்பவும். என் மகள் இன்னும் பள்ளியில்தான் இருக்கிறாள்.

இதுவரை உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், எல்லாம் உண்மை. திருத்த ஒன்றுமில்லை.

(கையொப்பம்)