பிஸ்கட்டின் பழக்கம்

வெர்னல் ஸ்ட்ரவுடின் வீட்டை நான் நூற்றைந்து நாள் பார்த்துக்கொண்டேன். அவருடைய ஆர்க்கிட் செடிகளில் ஒன்றுகூட வாடவில்லை. திரும்பி வந்ததும் முதலில் அவற்றைத்தான் பார்த்தார். "என்னைவிட உன் கைதான் இதுங்களுக்குப் புடிச்சிருக்கு, கண்ணு" என்றார். அன்று மத்தியானமே இறந்துபோனார்.

எனக்குப் பேச வராது, டிடெக்டிவ் மெர்காடோ. ஆனால் இதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். தடுமாற மாட்டேன்.

ஹோம்ஸ்டெட் ஊருக்கு வெளியே, லிச்சித் தோப்புகள் முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் ஸ்ட்ரவுட் மலைப்பாம்பு வளர்த்து விற்றார். பிஸ்கட் என்று பெயர் வைத்த ஒன்று மட்டும் விற்பனைக்கு இல்லை. மஞ்சளும் வெள்ளையுமான பெண் பாம்பு. ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். என் தம்பி ஆன்செல் சனிக்கிழமைகளில் அங்கே கூண்டுகளைச் சுத்தம் செய்யப் போவான். அவனுக்குப் பாம்பென்றால் உயிர்.

பெரிய பாம்பு வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூண்டைத் திறந்ததும் நீண்ட கொக்கிக் கம்பியால் பாம்பின் கழுத்தோரம் மெல்லத் தட்டுவார்கள். தட்டினால் இப்போது தீனி இல்லை என்று அர்த்தம். தட்டாமல் திறந்தால் முயல் வரப்போகிறது. குட்டியிலிருந்தே அப்படிப் பழக்குவார்கள். பாம்புக்கு எஜமானைத் தெரியாது, அன்பு தெரியாது. தட்டுவது தெரியும்.

போன வருடம் மார்ச் மாதம் பிஸ்கட் ஆன்செலைச் சுற்றி நெரித்துக் கொன்றது. அவனுக்கு இருபத்தாறு வயது. அன்று காலை அவனோடு போனில் பேசினேன். அம்மாவின் பிறந்தநாளுக்கு கேக் வாங்குவதா, எலுமிச்சை ஐஸ்கிரீம் வாங்குவதா என்று. பாதியில் லைன் போய்விட்டது. சதுப்பை ஒட்டிய இடங்களில் சிக்னல் அப்படித்தான்.

பிஸ்கட்டை யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஸ்ட்ரவுடின் உரிமம் சரியாக இருந்தது, பூட்டுகளும் சரியாக இருந்தன. விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

ஆனால் அதற்குப் பிறகுதான், மலைப்பாம்பு வளர்ப்பதையே தடை செய்யலாமா என்று கவுன்டியில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரு வேட்டைக்காரர், சதுப்பில் இப்போது முயலும் இல்லை, ரக்கூனும் இல்லை, எல்லாம் யாரோ வளர்க்க முடியாமல் கொண்டுவந்து விட்ட பாம்புகளின் வயிற்றுக்குள் இருக்கின்றன என்றார். ஒரு பெண், பாம்பு விழுங்கிய தன் நாயின் கழுத்துப்பட்டையைக் கொண்டுவந்திருந்தாள். பின்வரிசையில் பாம்பு வளர்ப்பவர்கள் ஒரே மாதிரி மஞ்சள் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். "அப்போ நாயையும் தடை பண்ணுங்க. அதுதான் தெனம் நாலு பேரைக் கடிக்குது" என்றாள் அவர்களில் ஒருத்தி. சிரித்தார்கள்.

ஸ்ட்ரவுட் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"சதுப்புல திரியறதுங்க என் வீட்டுப் பாம்பு இல்ல. என்னோடது ஒவ்வொண்ணுக்கும் தோலுக்கடியில சிப் இருக்கு, நம்பர் இருக்கு. ஆன்செல் என் புள்ள மாதிரி. ஆனா அன்னிக்கு அவன் தட்டல. அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல."

பிஸ்கட்டின் கூண்டு இருந்த அறையில் கேமரா இருந்ததே என்று ஒரு உறுப்பினர் கேட்டார். ஸ்ட்ரவுட் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார்.

"அன்னிக்கு அது வேலை செய்யல" என்றார்.

அந்தப் பார்வையிலேயே அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆன்செல் தட்டாமல் உள்ளே போகிறவன் இல்லை. செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைப்பவன்.

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து மைக் முன்னால் போய் நின்றேன். வார்த்தை வரவில்லை. என் மூன்று நிமிடமும் அப்படியே போயிற்று. திரும்பி வரும்போது மஞ்சள் சட்டைகளின் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "அவன் தட்டலன்னு அவளுக்கே தெரியும். அதான் வாயத் தொறக்கல." ஸ்ட்ரவுட் அந்தப் பக்கம் திரும்பி, சும்மா இரு என்று அதட்டினார். அவர் அதட்டியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முடிவைத் தள்ளிவைத்துக் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

கோடையில் அவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஒக்காலாவில் இருக்கும் மகள் வீட்டில் தங்கித் தேற வேண்டியிருந்தது. நான் உயிரியல் படித்தவள், மிருக ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"உன்கிட்ட கேக்க எனக்கு மூஞ்சி இல்ல, ரொவீனா. ஆனா வேற யாரை நம்பி விடறது?"

"பரவாயில்ல, மிஸ்டர் ஸ்ட்ரவுட். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அழுதார். நான் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். கூச்சப்படுகிறவர்கள் பேசாமல் இருந்தால் மன்னித்துவிட்டதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மற்ற பாம்புகளை அவர் சொன்னபடியே வைத்துக்கொண்டேன். பிஸ்கட்டுக்கு மட்டும் தீனி முறையை மாற்றினேன். மூன்று வாரத்துக்கு ஒரு பெரிய முயல் என்பதை, நான்கு நாளுக்கு ஒரு சிறியது என்று ஆக்கினேன். அதிக முறை பழக்கலாம் என்பதற்காக. தீனி நாளில் கூண்டைத் திறந்ததும் கொக்கியால் கழுத்தோரம் மெல்லத் தட்டுவேன். உடனே முயலை நீட்டுவேன். மற்ற நாட்களில் தட்டாமல் திறந்து, தண்ணீர் மாற்றிவிட்டு மூடுவேன். ஆரம்பத்தில் தட்டினால் தலையை இழுத்துக்கொண்டது. நாள் போகப் போக நின்று யோசித்தது. கடைசியில் கம்பி பட்ட மாத்திரத்தில் பாய்ந்தது. நல்ல புத்திசாலிப் பாம்பு.

அவர் வருவதற்கு முந்தைய பதினைந்து நாளும் அதற்கு எதுவும் போடவில்லை.

இவ்வளவு பெரிய பாம்பின் கூண்டைத் தனியாகத் திறக்கக் கூடாது என்பது அவர்களுடைய இன்னொரு வழக்கம். இரண்டாவது ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். பாம்பு சுற்றிக்கொண்டால் வால் நுனியிலிருந்து பிரிப்பது அந்த ஆளின் வேலை. ஸ்ட்ரவுட் வழக்கத்தை மீறாதவர். ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் கொக்கியுமாக என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டுத்தான் திறந்தார். "எப்படிடா செல்லம் இருக்கே" என்று கேட்டார். பிறகு தட்டினார்.

தட்டியதை நான் பார்த்தேன். அவருக்கும் தெரியும், தான் தட்டினோம் என்று. தட்டியும் ஏன் என்று அவர் முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஊன்றுகோல் என் பக்கம்தான் உருண்டு வந்தது. வால் நுனி எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கேள்வி முகத்தைவிட்டுப் போகும்வரை நின்றுவிட்டு உதவிக்குப் போனேன். ஓடினேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நடந்துதான் போனேன்.

அடுத்த கூட்டத்தில் யாரும் எதிர்க்கவில்லை. தடை வந்துவிட்டது. வேன்கள் வந்து வீடு வீடாகப் பாம்புகளை எடுத்துப் போயின. மஞ்சள் சட்டைக்காரி வாசலில் உட்கார்ந்து அழுததாகச் சொன்னார்கள். பிஸ்கட்டையும் கொன்றுவிட்டார்கள். அது மட்டும் எனக்கு வருத்தம். அது நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். என் தம்பி தட்டினான். அவர் இல்லையென்றார். தட்டிக்கொண்டே சாவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

நீங்கள் மேசைமேல் வைத்திருப்பது அவருடைய கணினி என்று தெரியும். அந்தச் சனிக்கிழமைப் படம் அதில் இருக்கிறது. கேமரா வேலை செய்தது. அவர் அழிக்கவுமில்லை, யாரிடமும் காட்டவுமில்லை. காட்டியிருந்தால் கூட்டத்தில் அவர் பக்கம்தான் ஜெயித்திருக்கும். யார் திறந்து பார்த்தது என்கிறீர்கள். நான்தான்.

ஆன்செல் யாரையும் கூப்பிடாமல் தனியாகக் கூண்டைத் திறக்கிறான். கொக்கி சுவரில் சாத்தியபடியே இருக்கிறது. அதை எடுக்க அவனுக்குக் கை ஒழியவில்லை. ஒரு கையில் தண்ணீர்த் தொட்டி, மறு கையில் போன். சிரித்துக்கொண்டே, "கேக்கே வாங்கிடு ரோ, ஐஸ்கிரீம் அம்மாவுக்கு ஆகாது" என்கிறான். அவன் தட்டவில்லை. என்னோடு பேசிக்கொண்டிருந்தான்.

அதைப் பார்த்தது அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம். பிஸ்கட்டை முதன்முதலாகத் தட்டி முயல் கொடுத்தது இரண்டாவது வாரம்.