ஊசிமுனையில் ஒட்டிய மூலக்கூறு

மேடையில் வீற்றிருக்கும் டீன் பிரென்னன் அவர்களே, பேராசிரியரின் மகள் டெஸ் அவர்களே, ஆய்வகத் தோழர்களே, வேலைச் சட்டையோடு ஓடி வந்திருக்கும் ரயில் ஓட்டுநர் டாரல் ஹிக்ஸ் அவர்களே! நான் சுருக்கமாகத்தான் பேசப் போகிறேன்.

பேராசிரியர் மெரடித் ஓக்ஸ் போய்விட்டார்! உறையும் குளிரில், வெள்ளித் தகட்டின் மேல், மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியின் ஊசிமுனையால் தள்ளி, மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ஒரு நுண் சுவிட்ச் கட்டிக்கொண்டிருந்தவர் போய்விட்டார்! பல ஆண்டுகளாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூலக்கூறுகளைக் காட்டும் அதே திரையைப் பார்த்தவன் நான்.

எப்பேர்ப்பட்ட பிடிவாதம் அவருக்கு! போர்ட் கெம்ப்லா துறைமுகத்துக்கு நிலக்கரி ரயில் போனால் எங்கள் கட்டடம் அதிரும், ஊசி தகட்டில் போய் மோதும், கட்டியது சிதறும். என்ன செய்தார் மெரடித்? லாமிங்டன் கேக்கோடு ஓட்டுநர்களின் ஓய்வறைக்கே போய் நின்றார்.

"உங்க சாமான் எவ்வளவு பெருசும்மா?" என்றார் டாரல்.

"கண்ணுக்கே தெரியாது."

"தெரியாத சாமானுக்காக என் வண்டி ஊர்ந்து போகணுமா? நல்லாத்தான் கேக்குறீங்க!"

"முதல்ல கேக்கைத் தின்னுங்க, அப்புறம் திட்டுங்க."

அன்று முதல் டாரலின் ரயில் எங்களைக் கடக்கையில் மெதுவாகத்தான் போகிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு மூலக்கூறுதான் பாக்கி. மெரடித் தள்ளும்போது அது ஊசியிலேயே ஒட்டிக்கொண்டது. எங்கள் தொழிலில் யாருக்கும் நேர்வதுதான். பதறிப்போய் உதறினால் கட்டியதெல்லாம் கெடும். "இது அடம்பிடிக்குது. சாப்பிட்டு வந்து இறக்கிக்கலாம்" என்று எழுந்தவர் படிக்கட்டில் சரிந்தார். அவ்வளவுதான்.

இந்த நிமிடமும் அது ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கிறது! யார் இறக்குவது? அந்தக் கைப்பக்குவம் யாரிடம் இருக்கிறது?

டீன் அவர்களே, அவர் போனதும் எங்கள் ஆய்வுக் குழுவைக் கலைத்துவிட்டீர்கள். குளிர்விக்கும் ஹீலியம் இனி வராது. இருப்பது இன்று மாலைக்கு மேல் தாங்காது. சூடேறினால் மூலக்கூறுகள் எல்லாம் கலைந்து ஓடிவிடும். நேற்று கெஞ்சினேன். "துக்கம் முடியட்டும், பேசலாம்" என்றீர்கள். அதன் பிறகு பேச என்ன இருக்கும் ஐயா? வெறும் வெள்ளித் தகடா?

அன்பர்களே, அவர் பணியைத் தொடர்வேன் என்று இங்கே உறுதி சொல்ல வேண்டும். சொல்கிறேன். எனக்கு அந்தக் கை இல்லை, நம்பிக்கையும் இல்லை, ஆனாலும் தொடர்வேன். மௌன அஞ்சலிக்கு நிற்க எனக்கு நேரமில்லை, மன்னியுங்கள்.

டெஸ், நீயும் என்னோடு ஆய்வகத்துக்கு வாம்மா. நான் தோற்றால், அதைப் பார்க்க அவருடைய ஆள் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.